அந்த 2 எம்பி எங்கிருந்து வந்தது?

சொந்தமா டொமைன் வாங்கி, வேர்ட்பிரஸ் போட்டு எழுதுற நண்பர்கள் எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஊர்த் திருவிழாவில் எடுத்த ஒரு வீடியோவையோ, பெருசா ஒரு பிடிஎஃப்-ஐயோ ஏத்தப் போனா, "உங்க ஃபைல் பிஹெச்பி.ஐஎன்ஐ-யில் சொல்லியிருக்கிற அளவைத் தாண்டுது"ன்னு ஒரு சிவப்பு வரி வந்து நிக்கும். தேடினா ஆயிரம் பேர் "இந்த மூணு வரியை மாத்துங்க, சரியாயிடும்"ன்னு எழுதி வச்சிருப்பாங்க. மாத்துவோம். சில சமயம் சரியாகும். பல சமயம் தளமே 500 எர்ரர் காட்டிப் படுத்துக்கும்.

எப்படி மாத்துறதுன்னு மட்டும் சொல்ற பதிவு இல்ல இது. போற போக்குல அதுவும் வரும். எனக்கு உறுத்தின கேள்வி வேற: அந்த 2 எம்பியை யார் முடிவு பண்ணது? என் கையில் இருக்கிற போன்ல ஒரே ஒரு போட்டோ 4 எம்பி, 5 எம்பி வருது. பிஹெச்பி 8 வந்த பிறகும் அந்த எண் மட்டும் 2 எம்பியாவே உக்காந்திருக்கு. பொட்டி தட்டுற எங்களுக்குள்ள இதை "டீஃபால்ட்"னு ஒரே வார்த்தையில் சொல்லி முடிச்சுடுவோம். அந்த வார்த்தைக்குப் பின்னால முப்பது வருஷக் கதை ஒண்ணு ஓடுது.

கொஞ்சம் முன்னாடி போவோம். ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னொண்ணுக்கு ஃபைல் அனுப்புறது வலை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தீர்த்து வச்ச பிரச்சனை. 1971 ஏப்ரல்ல ஆர்எஃப்சி 114-ன்னு ஒரு ஆவணம் வந்தது. எஃப்டிபி-யோட முதல் வடிவம் அதுதான். எழுதியவர் அபய் பூஷண், ஐஐடி கான்பூரின் முதல் பேட்ச் மாணவர், அப்போ எம்ஐடி-யில் இருந்தவர். நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ்ல நெட்வொர்க்ஸ் பேப்பர்ல எஃப்டிபி-க்கு எந்த போர்ட், எத்தனை கனெக்‌ஷன்னு பத்து மார்க்குக்கு எழுதியிருக்கோம். ஒரு வாத்தியார்கூட இந்தப் பெயரைச் சொன்னதில்லை. 1985-ல் வந்த ஆர்எஃப்சி 959-லேயே, பாதியில் அறுந்த பரிமாற்றத்தை விட்ட இடத்திலிருந்து தொடர ரெஸ்ட் என்று ஒரு கட்டளை உண்டு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

வலையைக் கண்டுபிடிச்ச டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் எழுதின முதல் பிரவுசர் படிக்க மட்டும் இல்ல, எழுதவும் செய்யும். ஆனா அதுக்கப்புறம் பரவின பிரவுசர்கள் எல்லாம் படிக்கிற பொட்டிகளாவே வந்தன. வாசகர் பக்கத்திலிருந்து சர்வருக்கு ஏதாவது போகணும்னா ஃபார்ம் ஒண்ணுதான் வழி. பேரு, ஊரு, ஒரு சின்ன கருத்து. அவ்வளவுதான். அந்த ஃபார்ம் தன் பெட்டிகளில் இருக்கிறதைக் கோத்து அனுப்பும் முறையில் சிறப்பு எழுத்துகள், பைனரி பைட்டுகள் எல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு சதவீதக் குறி, ரெண்டு எழுத்துன்னு மூணா மாறும். தமிழில் தேடும்போது முகவரிப் பட்டையில் சதவீதக் குறியா கொட்டுதே, அதே சமாச்சாரம். ஒரு போட்டோவை இப்படி அனுப்பினா கிட்டத்தட்ட மூணு மடங்கு ஊதிப்போகும்.

1995 நவம்பர்ல ரெண்டு ஆவணங்கள் அடுத்தடுத்த எண்ணில் வந்தன. ஆர்எஃப்சி 1866 ஹெச்டிஎம்எல் 2.0. அடுத்த எண், 1867, "ஃபார்ம் வழியாக ஃபைல் ஏற்றுவது". எழுதினவங்க ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எர்னஸ்டோ நெபெல், லாரி மசின்டர். என்னை விட ரெண்டு வயசு மூத்த ஆவணம் இது. இன்னிக்கு நீங்க பாஸ்போர்ட்டுக்கு ஆதார் ஸ்கேனை ஏத்தினாலும், பதிவில் ஒரு படம் போட்டாலும், அந்த "ஃபைலைத் தேர்ந்தெடு" பட்டன் இங்கேதான் பிறந்தது. அப்போ அது ஒரு பரிசோதனை முயற்சின்னு முகப்பிலேயே போட்டிருந்தாங்க.

அவங்க புதுசா எதையும் கண்டுபிடிக்கலை, அதுதான் அதில் புத்திசாலித்தனம். 1992-ல் நத்தானியல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் ரெண்டு பேரும் மின்னஞ்சலில் படம், பாட்டு எல்லாம் இணைக்க மைம்-னு ஒரு முறை கொண்டு வந்திருந்தாங்க. ஒரே கடிதத்துக்குள் பல பாகங்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் நடுவில் ஒரு எல்லைக் கோடு. அந்தக் கோடு, உள்ளே இருக்கிற எதிலும் வராத ஏதாவது ஒரு எழுத்துச் சரம். நெபெலும் மசின்டரும் அதையே எடுத்து ஃபார்முக்கு மாட்டிட்டாங்க. பெயர்ப் பெட்டி ஒரு பாகம், ஃபைல் ஒரு பாகம், நடுவில் எல்லைக் கோடு. கல்யாணச் சீர்வரிசையில் ஒவ்வொரு தட்டையும் ஒரு துணி போட்டு மூடி அனுப்புற மாதிரி.

இந்த ஆவணத்தைப் பொறுமையா படிச்சப்போ ஒரு பத்தியில் நின்னுட்டேன். ஃபைல் பெட்டிக்கு மேக்ஸ்லெங்த்-னு ஒரு குறிப்பு கொடுக்கலாம்னு அதில் இருக்கு. அதாவது, "இந்த சர்வர் இவ்வளவு பைட்தான் வாங்கும்"னு பக்கத்திலேயே எழுதி வச்சுடலாம். பிரவுசர் அதைப் பார்த்து, அனுப்புறதுக்கு முன்னாடியே "உங்க ஃபைல் பெருசு"ன்னு சொல்லிடலாம். இது ஒரு சைகை மட்டும்தான், சர்வரின் நிலைமை நடுவில் மாறலாம்னு எச்சரிக்கையும் போட்டிருக்காங்க. எவ்வளவு முன்யோசனை பாருங்க! வாசலிலேயே "வீட்டில் இவ்வளவுதான் இடம்"னு போர்டு மாட்டுறது.

அந்த யோசனை பிழைக்கலை. 1997 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்எல் 4.0-வில் மேக்ஸ்லெங்த் என்பது எழுத்துப் பெட்டிக்கும் பாஸ்வேர்ட் பெட்டிக்கும் எத்தனை எழுத்து என்பதற்கு மட்டும்னு சுருங்கிடுச்சு. ஃபைலுக்கு அதைப் பத்திப் பேச்சே இல்ல. என்னைக் கேட்டா, வலை தொலைச்ச நல்ல விஷயங்களில் இது ஒண்ணு. இதுக்கப்புறம் வர்ற தொல்லைகளில் பாதி, சர்வர் தன் அளவை முன்கூட்டியே சொல்ல வழியில்லாததால் வந்தது.

பிரவுசர்கள் பக்கம் சீக்கிரம் தாண்டிடுவோம். நெட்ஸ்கேப் 2.0 இதை 1996-லேயே செஞ்சது. மைக்ரோசாஃப்டின் ஐஇ 3-ல் அந்த வசதி கிடையாது, தனியா ஒரு இணைப்பு போடணும்; 1997-ல் ஐஇ 4 வந்தப்போதான் ஒழுங்கா கூடவே வந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் சர்வர் எழுதினவங்க நிலைமையை நினைச்சா பாவமா இருக்கு.

இப்போ நம்ம ஆளு வர்றாரு. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995 ஜூன்ல வெளியிட்ட சின்னச் சின்ன சிஜிஐ நிரல்கள்தான் பிஹெச்பி-யோட ஆரம்பம்னு எல்லாருக்கும் தெரியும். அடுத்து வந்த பிஹெச்பி/எஃப்ஐ 2-லேயே ஃபைல் ஏற்றும் வசதி இருந்தது. அதன் கையேட்டில் நெபெல், மசின்டர் பெயரைச் சொல்லியே எழுதியிருக்காங்க. 1998-ல் வந்த பிஹெச்பி 3-ல் ஏற்றும் ஃபைலின் உச்ச அளவு 2097152 பைட். அதாவது சரியா 2 எம்பி.

அந்த எண்ணுக்கு அன்னிக்கு என்ன அர்த்தம்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 28.8 கேபிபிஎஸ் மோடத்தில், கோடு கொஞ்சமும் தடுமாறாம இருந்தா, 2 எம்பி போய்ச் சேர கிட்டத்தட்ட 10 நிமிஷம். 1998-ல் 56 கே மோடம்னு விளம்பரம் பண்ணி வித்தாங்களே, வி.90, அதிலும் 56 என்பது நமக்கு வர்ற வேகம்தான். நம்ம பக்கத்திலிருந்து போறது 33.6-ஐத் தாண்டாது. அப்பவும் 8 நிமிஷத்துக்கு மேல. ஆக 2 எம்பி என்பது அந்தக் காலத்தில் யாரும் பொறுமையா ஏத்தவே மாட்டாத அளவு. கஞ்சத்தனமா வச்ச எண் இல்ல, தாராளமா வச்ச எண். எங்கிட்ட ஆதாரக் கடிதம் எதுவும் இல்லாம இதுக்கு மேல காரணம் கற்பிக்க மாட்டேன். கணக்கு இவ்வளவைத்தான் சொல்லுது.

அப்புறம் ஏன் வேகம் ஏறினப்போ எண் ஏறலை? இங்கேதான் பயம் உள்ளே வருது.

அந்தக் கால பிஹெச்பி-யில் ஃபார்மில் இருக்கிற ஒவ்வொரு பெட்டியும் நேரா நிரலுக்குள்ள ஒரு மாறியா வந்து குதிக்கும். ரெஜிஸ்டர் குளோபல்ஸ்னு பேரு. ஃபைல் பெட்டிக்கு "படம்"னு பேர் வச்சா, ஏத்தின ஃபைல் சர்வரில் தற்காலிகமா எந்த இடத்தில் இருக்குங்கிற பாதை "படம்" மாறியில் வந்து உக்காரும். நிரல் அதை எடுத்து எல்லாரும் பார்க்கிற ஃபோல்டருக்கு நகல் எடுக்கும். சரி. இப்போ ஒரு விஷமி ஃபைலே அனுப்பாம, "படம்"ங்கிற பேரில் சாதாரண எழுத்துப் பெட்டி ஒண்ணை அனுப்பி, அதுக்குள்ள சர்வரின் பாஸ்வேர்ட் ஃபைல் இருக்கிற பாதையை எழுதினா? நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. சர்வரே தன் பாஸ்வேர்ட் ஃபைலை பத்திரமா நகல் எடுத்து வெளியில் வச்சுக் கொடுக்கும். வீட்டுக்காரரே பீரோ சாவியைத் திண்ணையில் வைக்கிற கதை. இதுக்காகத்தான் பிஹெச்பி 4.0.3-ல், "இது நிஜமாவே ஏத்தின ஃபைலா"ன்னு கேட்கிற ஒரு ஃபங்ஷனும், அதைச் சோதிச்சுட்டு மட்டும் நகர்த்துற இன்னொரு ஃபங்ஷனும் வந்தன. இன்னிக்கும் பயிற்சி வகுப்பில் "மூவ் அப்லோடட் ஃபைல்தான் போடணும், காப்பி போடக்கூடாது"ன்னு சொல்லித் தருவாங்க. ஏன்னு கேட்டா பல பேருக்குத் தெரியாது. காரணம் இதுதான்.

இதை விடப் பெரிய அடி 2002-ல். பிப்ரவரி 27-ஆம் தேதி செர்ட் அமைப்பு ஒரு எச்சரிக்கை விட்டது. ஸ்டெஃபான் எஸ்ஸர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், நான் மேலே சொன்ன எல்லைக் கோடுகளைப் பிரிச்சுப் படிக்கிற பிஹெச்பி நிரலில் ஓட்டைகளைக் கண்டுபிடிச்சிருந்தார். இதில் கொடுமை என்னன்னா, உங்க தளத்தில் அப்லோட் பக்கமே இருக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பிஹெச்பி பக்கம் இருந்தா போதும். ஏன்னா, உங்க நிரலின் முதல் வரி ஓடுறதுக்கு முன்னாடியே, வந்த பொட்டலத்தை பிஹெச்பி பிரிச்சு வச்சுடும். கோணலா கட்டின பொட்டலம் ஒண்ணு அனுப்பினா போதும், சர்வரில் தன் இஷ்டத்துக்கு நிரல் ஓட்டலாம். பிஹெச்பி 4.1.2 அவசரமா வெளியாச்சு. உடனே மாத்த முடியாதவங்க அப்லோட் வசதியையே மொத்தமா அணைச்சு வைங்கன்னு அறிவுரை.

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லை. அந்தப் பொட்டலம் பிரிக்கிற பகுதியைப் புதுசா எழுதி ஏப்ரல்ல 4.2.0 வந்தது. ஜூலை 22-ல் அதே எஸ்ஸர், அந்தப் புது நிரலிலும் ஒரு ஓட்டை இருக்குன்னு சொன்னார்! மறுபடி செர்ட் எச்சரிக்கை, மறுபடி அவசரமா 4.2.2. ஒரே வருஷத்தில் ரெண்டு தடவை. அந்த வருஷம் ஹோஸ்டிங் நிறுவனத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவங்களை நினைச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் "அப்லோட் அளவை ஏத்திக் கொடுங்க"ன்னு ஒரு வாடிக்கையாளர் கேட்டா, அவங்க முகம் எப்படிப் போயிருக்கும்! ஒரே சர்வரில் பல பேரை குடிவைக்கிற ஷேர்ட் ஹோஸ்டிங்கில் ஒருத்தர் வாசலை அகலமாக்கினா எல்லார் வீட்டுக்கும் ஆபத்து. 2009 கடைசியில் இன்னொரு கட்டுப்பாடும் சேர்ந்தது. ஒரே கோரிக்கையில் ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்களை அனுப்பி சர்வரை மூச்சுத் திணற வைக்கலாம்னு தெரிஞ்சதும், ஒரு தடவைக்கு 20 ஃபைல்னு பூட்டு போட்டாங்க.

இந்த "முன்னாடியே பிரிச்சு வச்சுடும்" சமாச்சாரம் தெரிஞ்சா, நம்ம நண்பர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விக்கும் பதில் கிடைச்சுடும். "நிரலுக்குள்ளேயே ஐஎன்ஐ செட் போட்டு அளவை 64 எம்பி ஆக்கினேன், ஏன் வேலை செய்யலை?" அந்த வரி ஓடும்போது ஃபைல் வந்து, அளந்து, தூக்கியெறியப்பட்டு எல்லாம் முடிஞ்சிருக்கும். விருந்தாளி கிளம்பினப்புறம் இலை போடுற மாதிரி. அதனால்தான் பிஹெச்பி.ஐஎன்ஐ, இல்லேன்னா .ஹெச்டிஅக்சஸ், இல்லேன்னா 2009-ல் பிஹெச்பி 5.3 கொண்டு வந்த .யூசர்.ஐஎன்ஐ. அப்பாச்சிக்குள்ளேயே பிஹெச்பி ஓடுற இடத்தில்தான் .ஹெச்டிஅக்சஸ் வழி செல்லும். பிஹெச்பி தனி ஆளா வெளியில் ஓடுற இடத்தில் அதே வரியைப் போட்டீங்கன்னா, முதல் பத்தியில் சொன்ன 500 எர்ரர்.

இன்னொரு பழைய கண்ணி. 64 எம்பி வேணும்னா எண்ணுக்குப் பக்கத்தில் "எம்"னு ஒரே எழுத்துதான் போடணும். ஆசையா "எம்பி"ன்னு ரெண்டு எழுத்தும் போட்டா, பிஹெச்பி கடைசி எழுத்தை மட்டும் பார்த்து, அது என்னன்னு புரியாம, 64 பைட்னு எடுத்துக்கும். 64 பைட்! ரொம்ப வருஷமா இதை சத்தமில்லாம செஞ்சுக்கிட்டிருந்தது. 2022-ல் வந்த 8.2-லிருந்துதான் எச்சரிக்கை கொடுக்குது.

ஆனா எல்லாத்தையும் விட மோசமானது போஸ்ட் மேக்ஸ் சைஸ். ஃபைலுக்குத் தனி அளவு 2 எம்பின்னா, மொத்தப் பொட்டலத்துக்கு 8 எம்பி. ஃபைல் அளவு மீறினா பிஹெச்பி ஒரு எர்ரர் எண்ணாவது கொடுக்கும். மொத்த அளவு மீறினா? ஃபைல் மட்டும் இல்ல, பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாப் பெட்டியும் காலி. நிரலைப் பொறுத்தவரை யாரோ வெத்து ஃபார்மை அனுப்பின மாதிரி இருக்கும்.

வேலையில் ஒரு தடவை இதை நேரில் பார்த்தேன். ஒரு வேலைவாய்ப்பு விண்ணப்பத் தளம், யாருதுன்னு சொல்ல மாட்டேன். சான்றிதழ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒண்ணா ஏத்தணும். சில பேருக்கு மட்டும் "பெயரை நிரப்பவும்"னு வந்துக்கிட்டே இருக்கு. பெயர் நிரப்பித்தான் இருக்கு! அவங்க பெயரை மாத்தி, இனிஷியலை மாத்தி, பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில்னு திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்திருக்காங்க. லாகில் வரிசையா ஒரே எச்சரிக்கை: அனுப்பிய அளவு 8388608 பைட் எல்லையை மீறுது. அதில் ஒரே முகவரியிலிருந்து ராத்திரி பதினொன்றரைக்கு மேல் பதினாலு முயற்சி. எல்லா தடவையும் முழு 9 எம்பியும் போயிருக்கு, எல்லா தடவையும் பெயர் இல்லைன்னு பதில். டிக்கெட் எங்க கிட்ட வந்தப்போ கடைசித் தேதி முடிஞ்சு ரெண்டு நாள். நாங்க அளவை மாத்திக் கொடுத்தோம், ஐந்து நிமிஷ வேலை. அந்த விண்ணப்பதாரர்களுக்கு மறுபடி வாய்ப்பு கொடுக்கச் சொல்லி லாகையும் சேர்த்து அனுப்பினோம். பதில் வரலை. சும்மா ஒரு கான்ஃபிகரேஷன் வரின்னு நாம நினைக்கிறது அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு என்னவா இருக்கும்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது.

பிஹெச்பி மட்டும் குற்றவாளி இல்ல. நடுவில் எத்தனை வாசல் இருக்கோ அத்தனை வாட்ச்மேன். 2004-ல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சர்வரில் டீஃபால்ட் 1 எம்பிதான். அப்பாச்சி இதுக்கு நேரெதிர், பல வருஷம் எல்லையே கிடையாது. 2022-ல்தான் 1 ஜிபின்னு ஒண்ணு வச்சாங்க. மைக்ரோசாஃப்ட் பக்கம் ஏஎஸ்பி.நெட்-க்கு 4 எம்பி, அதை கேபி-யில் எழுதணும். அதுக்கு முன்னாடி நிக்கிற ஐஐஎஸ் 7-க்கு 3 கோடி பைட், அதை பைட்டில் எழுதணும். ஒரே கம்பெனி, ஒரே பொருள், ரெண்டு அலகு. அது மட்டுமா, ஐஐஎஸ் 7-ல் ஃபைல் பெருசா இருந்தா வர்ற எர்ரர் 404.13. அதாவது "கிடைக்கவில்லை" குடும்பம்! கையில் ஃபைலோட நிக்கிற ஆள்கிட்ட கிடைக்கலைன்னு சொல்றது. இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு ப்ராக்ஸி, அதுக்கு முன்னாடி ஒரு சிடிஎன். எல்லாத்திலும் குறைஞ்ச எண் எதுவோ அதுதான் உங்க தளத்தின் எண்.

சரி, பெருசா இருந்தா சர்வர் "வேண்டாம்"னு சொல்லலாமே? சொல்லும். 413-ன்னு ஒரு எண்ணே அதுக்கு இருக்கு. சிக்கல் என்னன்னா பிரவுசர் முதல்ல முழுசா அனுப்பி முடிக்கும், அப்புறம்தான் பதிலைப் பார்க்கும். சர்வர் தலைப்பைப் பார்த்ததுமே 413 சொல்லி கனெக்‌ஷனை மூடினா, இன்னும் அனுப்பிக்கிட்டிருக்கிற பிரவுசருக்கு "கனெக்‌ஷன் அறுந்தது"ன்னு மட்டும் தெரியும், காரணம் தெரியாது. நம்ம ஆளு நெட் சரியில்லைன்னு மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு மறுபடி ஏத்துவார். அதனால என்ஜின்எக்ஸ் ஒரு வேடிக்கை பண்ணுது: வேண்டாம்னு முடிவு பண்ணின பிறகும், கொஞ்ச நேரம் வர்றதை வாங்கி வாங்கி குப்பையில் போட்டுக்கிட்டே இருக்கும், அந்த 413 அந்தப் பக்கம் போய்ச் சேரட்டும்னு. ஹெச்டிடிபி 1.1-ல் "அனுப்பலாமா?"ன்னு முதல்ல கேட்டுட்டு, 100-ன்னு பதில் வந்தபிறகு அனுப்புற வழியும் உண்டு. கர்ல் மாதிரி கருவிகள் அதைப் பயன்படுத்தும். பிரவுசர்கள் கண்டுக்கலை. அந்த மேக்ஸ்லெங்த் இருந்திருந்தா இவ்வளவு சுத்தல் தேவையா, சொல்லுங்க.

2005, 2006-ல் மொத்த ஆட்டமும் மாறுது. யூட்யூபின் முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23-ல் ஏறினப்போ அது 19 நொடி. அடுத்த வருஷம் அங்கே உச்ச அளவு 100 எம்பி. நம்ம நாட்டில் 2004 பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் டவுன்லோட் இருந்தா அது பிராட்பேண்ட். அதே வேகம் ஏத்துறதுக்கும் கிடைச்சதாவே வச்சுக்குவோம், 100 எம்பி ஏற 55 நிமிஷம். 53-வது நிமிஷத்தில் கரண்ட் போச்சுன்னா? முதல்லேர்ந்து. ஒரு பைட்கூட மிஞ்சாது. இறக்குறதுக்கு 1997-லேயே ஹெச்டிடிபி 1.1-ல் விட்ட இடத்திலிருந்து தொடர வழி செஞ்சாச்சு. ஏத்துறதுக்கு எஃப்டிபி-யில் 1985-லேயே இருந்த வசதி வலையில் இல்ல. வாங்குறவனுக்கு ஒரு நியாயம், கொடுக்கிறவனுக்கு ஒரு நியாயம்.

பிரவுசரால் ஃபைலுக்குள்ள எட்டிப் பார்க்கவோ, அளவைச் சொல்லவோ, எவ்வளவு போச்சுன்னு காட்டவோ முடியாத காலம் அது. அந்த ஓட்டையை அடைச்சது 2005-ல் வந்த ஃப்ளாஷ் பிளேயர் 8. அதில் பல ஃபைலைத் தேர்ந்தெடுக்கலாம், அளவு தெரியும், நகர்ந்து போற பட்டை தெரியும். ஃப்ளாஷைத் திட்டாத ஆள் இல்ல, 2020 கடைசியில் அதை மொத்தமா மூடியும் ஆச்சு. ஆனா சர்வர் எட்டு நிமிஷமா என்ன பண்ணுதுன்னு தெரியாம உக்காந்திருந்த ஜனங்களுக்கு ஒரு பட்டையைக் காட்டினது அதுதான். அந்த நன்றியை யாரும் சொல்லலை, நான் சொல்லிக்கிறேன்.

2010 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 3.6 ஃபைல் ஏபிஐ-யோட வந்தது. அடுத்த ரெண்டு வருஷத்தில் ஃபைலைத் துண்டு துண்டா வெட்டி அனுப்புற வசதி பிரவுசருக்குள்ளேயே வந்துடுச்சு. இது வந்ததும் பெரிய ஃபைலுக்கான பதிலே மாறிப்போச்சு. வாசலை அகலமாக்க வேண்டாம், சாமானை வெட்டி அனுப்பு. அமேசான் எஸ்3 2006-ல் ஆரம்பிச்சப்போ ஒரு பொருளுக்கு 5 ஜிபி எல்லை. 2010 நவம்பர்ல துண்டுகளா ஏத்துற முறை வந்தது, கடைசித் துண்டைத் தவிர மத்ததெல்லாம் குறைஞ்சது 5 எம்பி, மொத்தம் 10,000 துண்டு வரை. அடுத்த மாசமே எல்லை 5 டிபி ஆச்சு. ஒரு துண்டு அறுந்தா அதை மட்டும் திரும்ப அனுப்பினா போதும். பிஹெச்பி பக்கம் 2 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏத்துக்கிறதே 2014-ல் வந்த 5.6-ல்தான். 32 பிட் எண்ணில், குறிக்கு ஒரு பிட் போக, மிஞ்சுறது 2147483647 வரைதான். அந்தச் சுவர் அங்கங்கே ஒளிஞ்சுக்கிட்டிருந்தது.

டஸ்-னு ஒரு திறந்த முறை 2013-ல் ஆரம்பிச்சது. "ஏற்கனவே எவ்வளவு வந்திருக்கு?"ன்னு சர்வரைக் கேட்கும், அது சொல்ற பைட்டிலிருந்து தொடரும், அவ்வளவுதான் அதன் சாரம். 2022-ல் ஐஇடிஎஃப்-ன் ஹெச்டிடிபி குழு இதே யோசனையைத் தரமாக்க வரைவு எடுத்துக்கிச்சு. 1985-லிருந்து எண்ணிப் பாருங்க. அதனால இன்னிக்கு யாராவது 2 ஜிபி ஏத்தணும்னு கேட்டா நான் பிஹெச்பி.ஐஎன்ஐ-யைத் தொடவே மாட்டேன். 5 எம்பி துண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்றது, முடிஞ்சா நேரா சேமிப்புக் கிடங்குக்கே அனுப்புறது. உங்க பதிவில் 10 எம்பி படம் போடணும்னா மட்டும் ஃபைல் அளவை 16, போஸ்ட் அளவை 20 வைங்க, முன்னாடி என்ஜின்எக்ஸ் இருந்தா அதிலும் 20. போஸ்ட் எப்பவும் ஃபைலை விட கொஞ்சம் பெருசா இருக்கணும், எல்லைக் கோடுகளும் மத்த பெட்டிகளும் அதில்தான் அடங்கணும்.

கொசுறு 1: பிஹெச்பி அப்லோட் எர்ரர் எண்கள் 1, 2, 3, 4, அப்புறம் நேரா 6, 7, 8. 5 கிடையாது.

கொசுறு 2: தமிழில் ஃபைல் பெயர் வைக்கிற ஆசாமிகளுக்கு. யூடிஎஃப்-8-ல் நம்ம ஒவ்வொரு குறியும் 3 பைட். லினக்ஸின் எக்ஸ்ட்4-ல் பெயருக்கு 255 பைட்தான், ஆக 85 குறி. "கொ" எழுத ரெண்டு குறி போயிடும். தலைப்பையே பெயரா வச்சு ஏத்தினா, அளவு சின்னதா இருந்தும் திரும்பி வந்துடும்.

கொசுறு 3: 413-க்கு 1999-ல் பேரு "ரிக்வெஸ்ட் என்டிட்டி டூ லார்ஜ்". 2014-ல் "பேலோட் டூ லார்ஜ்". 2022-ல் "கன்டென்ட் டூ லார்ஜ்". பேரை மூணு தடவை வச்சுப் பார்த்துட்டாங்க.

உங்க ஹோஸ்டிங்கில் எந்த எண்ணில் முட்டி நின்னீங்கன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. விசித்திரமான எண்ணா இருந்தா காரணத்தைத் தோண்டிப் பார்ப்போம்.